மேடை இல்லாத கூட்டம், மூடி வைத்த சோறு

உங்களுக்குக் கொடுத்திருக்கும் பதவியின் பெயர் 'நிகழ்வு ஒருங்கிணைப்பாளர்' என்று கேள்விப்பட்டேன். எனக்கு அவ்வளவு அழகான பெயர் வாய்க்கவில்லை. எண்பத்தொன்பதில் திருவண்ணாமலையில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது என்னை 'மீட்டிங் போடுற வசந்தா' என்றார்கள். ஓய்வு பெறும்வரை அதே பெயர்தான். புதிதாகச் சேர்ந்தவர்களை வாழ்த்திப் பேசுங்கள் என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். வாழ்த்து அப்புறம் இருக்கட்டும். முதலில் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். வயதானால் கோபம் தணியும் என்பார்கள். எனக்குத் தணியவில்லை.

அந்தக் காலத்தில் கூட்டம் என்றால் இதுதான்: ஒரு மேடை, அதில் வெள்ளைத் துணி போர்த்திய மேஜை, குத்துவிளக்கு, பொன்னாடை, தாமதமாக வரும் சிறப்பு விருந்தினர். எந்த விஷயமானாலும் இதே ஜோடனை. ஏரி தூர்வாருவதைப் பற்றி ஒரு கூட்டம் போட்டோம். கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து வேர்க்கடலை விவசாயிகளை வேன் வைத்து அழைத்து வந்தோம். காலையிலிருந்து அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். ஏரி எங்கே உடைந்திருக்கிறது என்று ஒருவரும் அவர்களைக் கேட்கவில்லை. திரும்பி வேனில் ஏறும்போது ஒரு விவசாயி என்னிடம் கேட்டார்: "ஏம்மா, எங்கள இன்னாத்துக்குக் கூட்டிக்கினு வந்தீங்க?"

என்னோடு வேலை பார்த்த மூத்தவர் ஒருவர் பக்கத்தில் நின்றிருந்தார். "கை தட்டத்தாங்க" என்றார், சிரிக்காமல். பிறகு என்னிடம் சொன்னார்: "கூட்டம் எப்படி நடந்துச்சுன்னு தெரிஞ்சுக்கணும்னா மேடையப் பாக்காத வசந்தா, வாசலப் பாரு. பேசிக்கிட்டே வெளிய வந்தா கூட்டம் நடந்திருக்குனு அர்த்தம். சாம்பார் நல்லா இருந்துச்சுன்னு சொல்லிக்கிட்டு வந்தா, வெறும் பந்திதான் நடந்திருக்கு." அவர் சீக்கிரமே வேலையை விட்டுப் போய்விட்டார். இந்த மாதிரி பேசுகிறவர்கள் எங்கள் நிறுவனத்தில் நீடிப்பதில்லை.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். தொண்ணூறுகளின் கடைசி. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் வரும் கூட்டம் பெருகிக்கொண்டே போன சமயம். மலையைச் சுற்றும் பாதை முழுக்க அன்னதானப் பந்தல்கள். மறுநாள் காலையில் பாதையும் இரண்டு பக்கத்து நிலங்களும் பிளாஸ்டிக் தட்டும் கப்பும் தண்ணீர்ப் பாக்கெட்டுமாகக் கிடக்கும். 'மலையைக் காப்போம்' என்று ஒரு கருத்தரங்கு நடத்த எங்கள் இயக்குநர் முடிவு செய்தார். டவுனில் ஒரு கல்யாண மண்டபம். வாசலில் துணி பேனர். வந்தவர்கள் எல்லாருக்கும் பிளாஸ்டிக் ஃபைல், தெர்மோகோல் தட்டில் டிபன், பிளாஸ்டிக் கப்பில் டீ. "சார், குப்பையப் பத்தின கூட்டத்துல இதெல்லாம் வேணாமே" என்று சொல்லிப் பார்த்தேன். "வர்றவங்க பெரிய ஆளுங்க வசந்தா. எவர்சில்வர் டம்ளரக் கழுவிக்கிட்டு நிக்க முடியுமா?" என்று கேட்டுவிட்டார்.

பாதிக்கப்பட்ட ஊர்க்காரர் என்று காட்டுவதற்காக அடி அண்ணாமலையிலிருந்து கன்னியம்மாவை வரவழைத்திருந்தோம். அந்த ஊர் கிரிவலப் பாதையிலேயே இருக்கிறது. கன்னியம்மாவின் வேர்க்கடலை நிலம் பாதையை ஒட்டி இருந்தது. அவளைக் கடைசி வரிசையில் உட்கார வைத்தார்கள். எல்லாரும் பேசி முடித்த பிறகு, நன்றியுரைக்கு முன்னால், "கிராமத்துச் சகோதரி சில வார்த்தைகள்" என்று கூப்பிட்டார்கள். அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு மேடைக்கு வந்து மைக்கைப் பிடித்தாள்.

"எங்க நெலத்தாண்ட சோறு போடறாங்க. மிச்சத்தக் கால்வாயில ஊத்திட்டுப் போயிடறாங்க. அந்தக் கால்வாய் எங்க கெணத்துக்குத்தான் வருது. நான் இன்னா கேக்கறேன்னா..."

முன்வரிசையில் அன்னதானக் குழுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் நிறுவனத்துக்கு அவர்களால் காரியம் ஆகவேண்டியிருந்தது. இயக்குநர் ஒலிபெருக்கி ஆளைப் பார்த்துக் கையை அசைத்தார். தேசிய கீதம் ஒலித்தது.

எல்லாரும் எழுந்து நின்றார்கள். கன்னியம்மாவும் மைக்கை விட்டுவிட்டுக் கையைக் கீழே போட்டு விறைப்பாக நின்றாள். பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தபடி துளிகூட அசையாமல் நின்றாள். பாட்டு முடிந்ததும் மண்டபமே சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய்விட்டது. அவள் மட்டும் மேடையில் நின்றுகொண்டிருந்தாள். மரியாதைக்காக நிற்கும் ஒருத்தியின் மரியாதையை வைத்தே அவள் வாயை அடைத்தார்கள். அதை விடக் கேவலமான ஒரு காரியத்தை என் வேலைக்காலத்தில் நான் பார்க்கவில்லை.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஒரு டிராக்டர் வந்து எங்கள் அலுவலக வாசலில் நின்றது. ஓட்டி வந்தவன் கன்னியம்மாவின் கொழுந்தன் மாணிக்கம். பின்னால் டிரெய்லரில் குப்பை மூட்டைகளின் நடுவே கன்னியம்மா நின்றிருந்தாள். கருத்தரங்கின் குப்பை. மண்டபத்தைச் சுத்தம் செய்த ஒப்பந்தக்காரர், தட்டு கப்பு எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் அவள் நிலத்தை ஒட்டிய அதே கால்வாயில் கொட்டிவிட்டுப் போயிருந்தார். பேனரும் அதில் கிடந்தது. அவள் ஒவ்வொரு மூட்டையாக எங்கள் வாசலில் தள்ளினாள்.

"நீங்கதான மீட்டிங் போட்டவங்க? இந்தாங்க உங்க மீட்டிங்கு. உங்களுக்கு முடிஞ்சிடுச்சி. எங்களுக்கு இன்னும் முடியல."

இயக்குநர் முகம் சிவந்துவிட்டது. "வசந்தா, போலீஸுக்கு போன் போடு" என்றார்.

இந்த மாதிரி நேரத்தில் யோசிக்க அவகாசம் இருக்காது. நான் சொன்னேன்: "சார், போன் போட்டா நாளைக்குப் பேப்பர்ல வரும். மலையக் காப்போம்னு சொன்னவங்க, குப்பையத் திருப்பிக் கொண்டாந்து குடுத்த பொம்பள மேல புகார் குடுத்தாங்கன்னு போடுவாங்க." அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் கன்னியம்மாவையும் மாணிக்கத்தையும் உட்கார வைத்து, "அன்னிக்கு மைக்ல என்ன கேக்க வந்தீங்க?" என்று கேட்டேன்.

"எங்க நெலத்தாண்ட அன்னதானமே கூடாது. தட போடணும். அதத்தான் கேக்க வந்தேன்."

மாணிக்கம் துள்ளி எழுந்தான். "அண்ணி, தட போட்டுட்டா நான் எங்க போறது? கப்பு, தண்ணிப் பாக்கெட்டு வித்துத்தான என் கடை ஓடுது? பௌர்ணமி இல்லன்னா என் வீட்ல அடுப்பு எரியாது."

"உன் கடைக் கப்புதான்டா என் கெணத்துல மெதக்குது!"

இரண்டு பேரும் என் மேஜைக்கு எதிரே நின்று சண்டை போட்டார்கள். குப்பையைச் சேர்ந்து ஏற்றிக்கொண்டு வந்தவர்கள், தீர்வு என்று வந்ததும் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. கருத்தரங்கில் ஒரு நாள் முழுக்கப் பேசியதில் இந்தச் சண்டை வரவே இல்லை. சோறு போடுகிறவன், கப்பு விற்கிறவன், குப்பை பொறுக்குகிறவள், நிலத்துக்காரி நாலு பேரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து முகத்தைப் பார்த்துப் பேச வழியில்லாத கூட்டம் எதற்கு?

இயக்குநரிடம் போய், ஊரிலேயே ஒரு கூட்டம் நடத்த அனுமதி கேட்டேன். விஷயம் பத்திரிகைக்குப் போய்விடுமோ என்ற பயத்தில் சரி என்றார்.

இப்போது நீங்கள் பயிற்சியில் படிக்கிற சங்கதியெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. என் கோபம்தான் எனக்குத் திட்டம். கருத்தரங்கில் என்னவெல்லாம் இருந்ததோ அது எதுவும் இருக்கக் கூடாது. மேடை வேண்டாம். ஆசி வழங்க மட்டும் வருகிறவர் வேண்டாம். அடி அண்ணாமலையில் பாதையோரம் ஒரு மாந்தோப்பில், ஜமுக்காளம் விரித்து உட்காருவோம். மரத்துக்கு ஒரு குழுவாகப் பிரிந்து பேசுவோம், ஒவ்வொன்றிலும் நாலு தரப்பும் கலந்திருக்கும்படி. 'அரசு ஆவன செய்ய வேண்டும்' என்று யாரும் முடிக்கக் கூடாது. நான் இதைச் செய்கிறேன், இன்ன நாளில் செய்கிறேன் என்று சொல்ல முடிந்ததை மட்டும் சொல்லலாம். பானைத் தண்ணீர், வாழை இலை. கூட்டம் முடிந்து போகும்போது தோப்பு நாம் வந்தபோது இருந்த மாதிரியே இருக்க வேண்டும்.

பந்தலும் நாற்காலியும் வாடகைக்கு விடும் காதர் பாய்தான் எங்கள் கூட்டங்களுக்கெல்லாம் சாமான் கொடுப்பார். டவுனில் பல தலைமுறையாக இருக்கும் குடும்பம். அவரிடம் ஜமுக்காளம் மட்டும் போதும் என்றேன். "மேட இல்லாத மீட்டிங்கா? மாப்ள இல்லாத கல்யாணம் மாதிரி இருக்கே மேடம்" என்றார்.

"மாப்பிள்ளைங்க ஜாஸ்தி ஆயிட்டாங்க பாய். அதுதான் பிரச்னையே."

பாதையைக் கூட்டும் துப்புரவுப் பெண்களைக் கூப்பிடுவதுதான் கஷ்டமாக இருந்தது. அவர்களில் ராணி என்பவள் மற்றவர்களுக்காகவும் பேசுவாள். "மீட்டிங்குன்னா நாங்க வெளிய பெருக்கிக்கினு இருப்போம்க்கா. உள்ள வந்து இன்னா பண்றது?" என்று கேட்டாள். "பேசணும்" என்றேன். "பேசிட்டா கேப்பாங்களா?" என்றாள். கேட்பார்கள் என்று சத்தியம் செய்ய எனக்கு வாய் வரவில்லை. "நான் கேக்க வைக்கிறேன்" என்றேன். வருவதாகச் சொன்னாள்.

கூட்டத்து நாள் காலையில் தோப்புக்குப் போனால், மரங்களுக்கு நடுவே ஒரு மேடை நிற்கிறது. மேடையில் சோபா. கீழே துணி போர்த்திய நாற்காலிகள். பேனர். இயக்குநர் எனக்குத் தெரியாமல் ஏற்பாடு செய்துவிட்டு, ஒரு பெரிய அதிகாரியைச் சிறப்பு விருந்தினராக அழைத்துவரப் போயிருந்தார். வந்த ஊர்க்காரர்கள் பழக்கதோஷத்தில் வரிசையாக உட்கார ஆரம்பித்துவிட்டார்கள். ராணியும் அவளோடு வந்த பெண்களும் தோப்புக்கு வெளியே வேலியோரம் நின்றிருந்தார்கள். ராணி என்னைப் பார்த்த பார்வையில், 'தெரியும், இப்படித்தான் ஆகும்' என்று எழுதியிருந்தது.

இயக்குநர் வந்தபின் சண்டை போட்டால் கூட்டமே சண்டையாகிவிடும். இப்படியே விட்டால் அந்தப் பெண்கள் திரும்பிப் போய்விடுவார்கள், இனி எந்தக் காலத்திலும் வரமாட்டார்கள். காதர் பாய் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் போனேன்.

"பாய், நான் மேடை கேட்டேனா?"

"நீங்க மனசு மாத்திக்கினீங்கன்னு உங்க சார் சொன்னாரே மேடம்?"

"நான் மாத்திக்கல."

அவர் வேலியோரம் நின்ற பெண்களைப் பார்த்தார். மேடையைப் பார்த்தார். கட்டிக்கொண்டிருந்த கயிற்றை அவிழ்த்தார். "சோபா நம்மளது. பலகையும் நம்மளது. நம்ம சாமான நாம எடுத்துக்கறதுக்கு யாரக் கேக்கணும்?" என்று தன் ஆட்களைக் கூப்பிட்டார்.

ஜீப் வந்து நின்றபோது சோபா காதர் பாயின் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தது. இயக்குநர் பேயறைந்த மாதிரி நின்றார். அதிகாரி என்னைப் பார்த்தார். நான் கும்பிட்டுச் சொன்னேன்: "ஐயா, இன்னிக்கு யாரும் பேச்சுக் கேக்க வரல. பேச வந்திருக்காங்க. நீங்க கேக்கறதா இருந்தா ஜமுக்காளத்துல இடம் இருக்குங்க." அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, வேறு ஒரு கூட்டம் இருப்பதாகச் சொல்லி ஜீப்பில் ஏறிக்கொண்டார். எங்கள் இயக்குநரும் சமாதானம் சொல்லிக்கொண்டே அதே ஜீப்பில் ஏறிப் போனார். அதுவும் நல்லதாகப் போயிற்று.

அப்புறம் கூட்டம் நடந்தது. உண்மையாகவே நடந்தது. கன்னியம்மா மைக்கில் முடிக்க முடியாததை முடித்தாள். சென்னையிலிருந்து வருஷக்கணக்கில் வந்து அன்னதானம் செய்யும் ஒரு குழுவின் தலைவர், வயதான வியாபாரி, முதலில் முறுக்கிக்கொண்டார். "புண்ணியத்துக்குன்னு வர்றோம். வந்த எடத்துல குத்தவாளிக் கூண்டுல நிக்கணுமா?" என்றார்.

அவருக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த ராணி சொன்னாள்: "சோறு போட்டவங்க பேரு பேனர்ல இருக்குதுங்க. அத அள்றவங்க பேரு எங்க இருக்குது? போடறவங்களே மறுநாள் வந்து அந்த எடத்தப் பெருக்கிக் குடுங்க. அப்பத் தெரியும், எவ்ளோ போடலாம், எதுல போடலாம்னு."

பெரியவர் எழுந்து போகவில்லை. மதியத்துக்குள் மூன்று விஷயம் முடிவாயிற்று. அன்னதானம் கால்வாயை விட்டுத் தள்ளி மேட்டுத் திடலில் நடக்கும். குழுக்கள் இலையில்தான் போடும், அந்த இலையை மாணிக்கம் தன் கடையில் வாங்கி வைப்பான். போட்டவர்கள் மறுநாள் பெருக்குவார்கள். கன்னியம்மா தடை என்பதை விட்டுவிட்டாள். நான் உள்ளுக்குள் பூரித்துப்போயிருந்தேன்.

சாப்பாட்டு நேரம் வந்தது. ஊர்ப் பெண்களே சமைத்திருந்தார்கள். இலை போடும் பொறுப்பைக் கன்னியம்மா எடுத்துக்கொண்டாள். பந்தி நிறைய ஆரம்பித்தபோது, ராணியையும் மற்றப் பெண்களையும் பார்த்து அவள் சாதாரணமாகச் சொன்னது என் காதில் விழுந்தது:

"நீங்க அந்தாண்ட மரத்தடில ஒக்காருங்க. எல குடுத்தனுப்பறேன்."

ராணியும் அவளோடு வந்தவர்களும் காலனிப் பெண்கள். அது எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் காலையிலிருந்து ஒரே ஜமுக்காளத்தில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து பேசியவள், எந்த அநியாயத்துக்காக இந்தக் கூட்டமே கூடியதோ அந்த அநியாயத்தை அனுபவித்தவள், அவள் வாயிலிருந்து இது வரும் என்று நான் நினைக்கவில்லை.

ராணி கோபப்படவில்லை. "பேசறப்போ ஒண்ணா ஒக்காரலாம், சாப்புடறப்போ தனியாவா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு தன் ஆட்களிடம், "வாங்கடி, வேல முடிஞ்சிச்சி" என்று சொல்லிவிட்டு ரோட்டைப் பார்த்து நடந்தாள். யாரும் தடுக்கவில்லை. சோற்றுக் கூடையும் சாம்பார் வாளியும் பந்தியை நோக்கி வந்துகொண்டுதான் இருந்தன.

நான் சமையல்காரப் பெண்களிடம் போய், "எல்லாப் பாத்திரத்தையும் மூடுங்க" என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. பந்தியில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். இலையில் உப்பும் ஊறுகாயும் மட்டும் இருந்தன.

சென்னைப் பெரியவர், "அன்னத்த நிறுத்தலாமாம்மா? பாவம் இல்லையா?" என்றார்.

"அன்னத்த நான் நிறுத்தலைங்க. பந்தியத்தான் நிறுத்தியிருக்கேன். ஒரே பந்தின்னா மூடியத் திறக்கறேன்."

முணுமுணுப்பு எழுந்தது. சிலர் இலையைத் தள்ளிவிட்டு எழுந்து வீட்டுக்குப் போனார்கள். கன்னியம்மாவின் புருஷன் அதில் முதல் ஆள். கன்னியம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என் முன்னால் வந்தாள். "இது ஊர் வழக்கம். நான் இன்னா புதுசா செஞ்சிட்டேன்? டவுன்லேர்ந்து மீட்டிங்கு போட வந்துட்டு எங்க வழக்கத்துல கை வெக்கறீங்க?"

பதில் எனக்கு நாக்கு வரை வந்தது. சொல்லியிருந்தால் அது டவுன்காரியின் உபதேசமாக ஆகியிருக்கும். வாயை மூடிக்கொண்டு நின்றேன். என் வேலைக்காலத்தில் நான் செய்த கடினமான காரியம் அந்த மௌனம்தான். பேசியவன் மாணிக்கம். இலைக்கு முன்னால் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னான்:

"அண்ணி, மண்டபத்துல உன்னக் கடைசி வரிசைல ஒக்கார வெச்சாங்கன்னுதான டிராக்டர் கட்டிக்கினு போன? அதுவும் அவங்களுக்கு வழக்கம்தான?"

கன்னியம்மா அவனை அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் கண் அவ்வளவு சிவந்திருந்தது. பிறகு யாரையும் பார்க்காமல், ஒரு கட்டு இலையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு நடந்தாள்.

அங்கே நடந்ததை ராணி பிற்பாடு எனக்குச் சொன்னாள். பஸ்ஸுக்காக நின்றவர்கள் பக்கத்தில் வந்து கன்னியம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாளாம். "இங்க எதுக்கு ஒக்காந்தீங்க?" என்று ராணி கேட்டிருக்கிறாள். "நீங்க வரலன்னா நானும் இங்கியே சாப்புடறேன்." "மன்னிப்பு கேக்க வந்தீங்களா?" கன்னியம்மா இலைக் கட்டை நீட்டினாளாம். ராணி சொல்லியிருக்கிறாள்: "மன்னிப்புலாம் வேணாம். நாங்க வரோம். ஆனா எச்சி எலைய நாங்க எடுக்க மாட்டோம். யாரு சாப்புட்டாங்களோ அவங்கதான் எடுக்கணும். ஒத்துக்கினா வரோம்."

அவர்கள் திரும்பி வந்தார்கள். ஒரே பந்தியில், நடுவில் கொஞ்சம் இடம் விட்டு உட்கார்ந்தார்கள். மூடியைத் திறந்தேன். சோறு ஆறியிருந்தது. சென்னைப் பெரியவர் திடீரென்று தனக்கு விரதம் என்றார். அவருடைய ஆட்கள் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சாப்பிட்டார்கள். முடிந்ததும் ஒவ்வொருவரும் அவரவர் இலையை மடித்து எடுத்துக்கொண்டு எருக்குழிக்குப் போனார்கள். ஜென்மத்தில் இலை எடுத்திராத ஆண்கள் அதைப் பாம்பைப் பிடித்த மாதிரி பிடித்துக்கொண்டு போனதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

அடுத்த பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் அந்தச் சென்னைக் குழு பெருக்க வந்தது. பெரியவர் காரை விட்டு இறங்கவில்லை. அவருடைய மருமகள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு துடைப்பத்தைப் பிடித்தாள். அவர் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். கன்னியம்மாவோடு அவள் புருஷன் வெகு நாள் பேசவில்லை. அவள் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. மாணிக்கம்தான் சொன்னான்.

ஊரே மாறிவிட்டது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். அந்த ஏற்பாடு கொஞ்ச காலம் நின்றது. பிறகு புதுப்புதுக் குழுக்கள் வந்தன, பிளாஸ்டிக்கும் திரும்பி வந்தது. என்னை இயக்குநர் புத்தக அறைக்கு மாற்றினார். ஆண்டறிக்கையில் அந்தக் கூட்டத்தைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. கூடவே அதே அதிகாரி வேறு ஏதோ மேடையில் பொன்னாடை வாங்கும் படம். அதைப் பார்த்த அன்று நான் சாப்பிடவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு காற்று மாறியது. நிதி கொடுப்பவர்கள் 'மக்கள் பங்கேற்பு' இருக்கிறதா என்று கேட்க ஆரம்பித்தார்கள். உடனே என்னைப் புத்தக அறையிலிருந்து தூசி தட்டி வெளியே எடுத்தார்கள். மேடைகள் மறைந்தன. எங்கே பார்த்தாலும் வட்டம். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு இன்னும் அதிகமாகக் கோபம் வந்தது. ஏன் என்று இதைக் கேட்டால் புரியும்.

ரமணாசிரமம் பகுதியில், செங்கம் ரோட்டில், ஒரு விருந்தினர் விடுதியின் கூடத்தில் கூட்டம். மூங்கில் நாற்காலிகள் வட்டமாக. மண் குவளையில் மூலிகைத் தேநீர். ஒரு பிளாஸ்டிக் துண்டுகூடக் கிடையாது, அதில் குறை சொல்ல முடியாது. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள், சென்னையிலிருந்து வந்தவர்கள், துப்புரவுப் பணியைப் பார்க்கும் வேறோர் அதிகாரி. ராணியையும் அழைத்திருந்தார்கள். வழிநடத்த வந்த இளைஞர் எல்லாரையும் கண்ணை மூடி மூச்சு விடச் சொன்னார். பிறகு ஆளுக்கொரு மஞ்சள் அட்டையைக் கொடுத்து, "இந்த மலைக்காக உங்கள் மனசுல இருக்கறத ஒரே வார்த்தைல எழுதுங்க" என்றார்.

அமைதி, பசுமை, ஒளி என்றெல்லாம் எழுதினார்கள். ராணி யோசித்து, எழுத்துக்கூட்டி, 'கையுறை' என்று எழுதினாள்.

இளைஞர் அட்டைகளை வாங்கிப் பலகையில் ஒட்டிக்கொண்டே வந்தார். ராணியின் அட்டையைப் படித்து, "அருமை, அருமை" என்று சொல்லி, 'நீண்டகாலக் கனவுகள்' என்ற தலைப்பின் கீழே ஒட்டினார். எல்லாரும் கை தட்டினார்கள்.

ராணி எழுந்தாள். பலகைக்குப் போய், தன் அட்டையைப் பிய்த்து எடுத்தாள். வட்டத்தின் குறுக்கே நடந்து அந்த அதிகாரியின் கையில் கொடுத்தாள்.

"கனவு இல்லீங்க இது. நாளைக்குக் காலைல வேல இருக்குது" என்றாள்.

அதிகாரி அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "அனுப்பி வைக்கிறேம்மா" என்றார். கூட்டம் பெரிய வெற்றி என்று அன்று மாலையே எல்லாரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

கையுறை வந்ததா என்று உங்களில் ஒருவராவது கேட்பீர்கள் என்று எதிர்பார்க்கிறேன். வந்தது. அந்த அதிகாரி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், சீக்கிரமாகவே ஒரு பெட்டி நிறைய வந்து இறங்கியது. அத்தனையும் பெரிய ஆண்களின் கைக்குத் தைத்தவை. போட்டுக்கொண்டு துடைப்பத்தைப் பிடித்தால் கழன்று விழுந்தன. ராணியும் மற்றப் பெண்களும் அவற்றை மூட்டை கட்டி ஓர் ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்கையோடு பாதைக்குப் போனார்கள்.

அவ்வளவு பெரிய வட்டம். அத்தனை மூச்சுப் பயிற்சி. "உங்க கை அளவு என்னம்மா?" என்று கேட்க அதில் ஓர் ஆள் இல்லை.